பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



‘மாணவர்களின் மனநலமும் விளையாட்டும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் மனநல மருத்துவர் இல்லை. இதோ பக்கத்தில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் படித்தேன். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அரசுப் பள்ளிகளில் விசில் ஊதினேன். மைதானத்தில் நின்று பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பேசிவிட்டுப் போகிறேன். மைக் இல்லாமலே நான் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும், கவலைப்படாதீங்க.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு அம்மா என்னைத் தேடி வருவாங்க. “டீச்சர், எம் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. இனிமே கோ-கோவுக்கு வரமாட்டா, கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவாங்க. கோபம் எல்லாம் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிற பொண்ணு முகத்தைப் பார்ப்பேன். அது தரையைப் பார்த்துக்கிட்டு நிற்கும்.

நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகளை மைதானத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுக்கொள்கிறோம். பெரிய மனுஷி ஆனதும் முதல் தடவை, பத்தாவது வந்ததும் இரண்டாவது தடவை. ஆண் பிள்ளைகளுக்கு முதல் தடவை என்பது கிடையாது. இரண்டாவது தடவையும் பேச்சளவில்தான். விளக்கு வைத்த பிறகும் தெருவில் பேட் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீங்க. 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 146 நாடுகளின் கணக்கை எடுத்து அந்த நிறுவனம் 2019இல் வெளியிட்டது. 11 முதல் 17 வயது வரை உள்ள, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் 100க்கு 81 பேர் அந்த அளவு ஆடுவதில்லை. பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக எடுத்தால் 85. அப்படியென்றால் உலகம் முழுக்க அம்மாக்கள் டீச்சரைத் தேடி வருகிறார்கள் போல.

சரி, ஆடாவிட்டால் உடம்பு கொஞ்சம் குண்டாகும், அதுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதற்கு நம்ம மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. உங்களில் பாதிப் பேருக்கு மேல் அன்று எங்கே இருந்தீங்க, என்ன செய்துகொண்டிருந்தீங்க என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கும். கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு, பரங்கிப்பேட்டை, சாமியார்பேட்டை, அந்தப் பக்கம் கடலூரில் தேவனாம்பட்டினம், சோனங்குப்பம். நம்ம மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேலே உயிர் போச்சு. அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு இல்லங்கள் நடத்தினாங்க.

அந்த நேரத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து வல்லுநர்கள் வந்தாங்க. கடலோர மாவட்டங்களில் அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், தொண்டு நிறுவனத்தார் எனப் பலருக்கும் பயிற்சி கொடுத்தாங்க. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் எடுத்த எடுப்பில் “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேட்கக் கூடாது. படம் வரையச் சொல்லணும், கதை சொல்லணும், விளையாட விடணும். பெரியவங்க நாம துக்கத்தை வாய் விட்டுச் சொல்லி அழுது ஆத்திக்குவோம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அதற்கு வார்த்தை கிடையாது. அதோட கை காலில்தான் அந்தப் பயம் உட்கார்ந்திருக்கும். கை காலை அசைத்துத்தான் அது இறங்கணும்.

கடலூரில் மாரியப்பன் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். பெண் பிள்ளைகளுக்குப் பந்தாடச் சொல்லிக்கொடுத்து, இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் என்ற பெயரில் ஒரு அணியையே வளர்த்தவர். சுனாமியில் சொந்தத்தை இழந்து இல்லத்தில் தங்கிப் படித்த பெண்களும் அவரிடம் பந்தாட வந்தாங்க. மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று சேர்ந்து, தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து என்றாலே கடலூர் என்று சொல்கிற மாதிரி ஆச்சு. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. அந்தக் கோப்பையைப் பல தடவை ஜெயித்திருந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் தடவை. 2023இல் மறுபடியும் ஜெயித்தாங்க. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2019இல் தெற்காசியப் போட்டியை ஜெயித்த இந்திய அணியில் அவரும் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். கொரோனா காலத்தில் சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தார்.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கோப்பைக்காக இதை நான் சொல்லவில்லை. கோப்பை வாங்கினது இருபது பேர். அந்த மைதானத்துக்கு வந்து போன, பேப்பரில் பேர் வராத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பாங்க. அவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்? ஒரு உடற்கல்வி ஆசிரியையாக யோசித்துப் பார்க்கிறேன்.

தினமும் சாயந்திரம் நாலரை மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும் என்ற ஒரு கட்டாயம் கிடைச்சிருக்கும். எல்லாம் தலைகீழாகப் போன பிள்ளைக்கு, மாறாத ஒரு நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. வராவிட்டால் “ஏன்டி நேத்து வரல?” என்று கேட்க பத்துப் பேர் கிடைச்சிருப்பாங்க. சத்தம் போடலாம். வீட்டிலும் வகுப்பிலும் பொம்பளைப் பிள்ளை சத்தம் போட்டால் தப்பு, மைதானத்தில் சத்தம் போடாவிட்டால்தான் தப்பு. அப்புறம் உடம்பு களைச்சுப் போய் ராத்திரி தூக்கம் வரும். மனசு சரியில்லாத பிள்ளைக்கு முதலில் கெடுவது தூக்கம்தான். அது திரும்பி வந்தால் பாதி வழி வந்த மாதிரி.

நம்ம குழு எப்படி நடக்குது என்று ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் மேம்பாட்டுத் திட்டம், அடுத்த இரண்டு மூன்று வருஷத்திலேயே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போ இருந்தே இருக்கிற மூத்த அக்காக்கள் இங்கே இருக்கீங்க. முதலில் எதற்கு வந்தீங்க? சேமிப்புக்கும் கடனுக்கும். ஆனால் இத்தனை வருஷம் வாராவாரம் பாய் விரித்து உட்கார வைத்தது சேமிப்பு மட்டும்தானா? ஒருத்திக்குத் தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவங்க தாங்கிக்கிறாங்க. வராதவளை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறீங்க. அதேதான் ஒரு கோ-கோ டீமிலும் நடக்குது. ஒன்பது பேரில் ஒருத்தி சோர்ந்தால் அடுத்தவள் எழுந்து ஓடுகிறாள். குழு உங்களுக்கு எப்படியோ, டீம் உங்க பிள்ளைக்கு அப்படி.

இதை ஆராய்ச்சிக்காரங்களும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரை உள்ள 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2022இல் வெளிவந்தது. குழு விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளிடம் பயம், சோர்வு, ஒதுங்கிப் போவது, கவனக் குறைவு போன்ற தொந்தரவுகள் குறைவாக இருந்தன. தனி ஆட்டம் மட்டுமே ஆடுகிறவர்களிடம், எதுவும் ஆடாதவர்களைவிடக்கூட அந்தத் தொந்தரவுகள் சிலது கூடுதலாகவே இருந்தன. இதை அப்படியே முழுங்கிவிடவும் வேண்டாம். மனசு தெளிவாக இருக்கிற பிள்ளைதான் டீமில் வந்து சேருதோ என்ற கேள்வியும் அதில் உண்டு. இருந்தாலும் என் கண் பார்த்ததோடு அது ஒத்துப்போகுது. தனியாக ஓடுகிற பிள்ளை தோற்றால், முழுத் தோல்வியும் அது ஒருத்தி தலையில்தான். டீம் தோற்றால் எல்லாருமாகச் சேர்ந்து ஐஸ் சாப்பிடப் போயிடுவாங்க.

தோல்வி என்றதும் இதைச் சொல்லியே ஆகணும். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கும் அடுத்த நாளும் பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கும். மார்க் குறைஞ்சுது என்று உயிரை விடுகிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை, மக்குப் பிள்ளையும் இல்லை. அதுவரைக்கும் தோற்றே பழக்கமில்லாத பிள்ளையாகவும் இருக்கலாம். எல்.கே.ஜி.யிலிருந்து முதல் ரேங்க். முதல் தோல்வியே பதினேழு வயசில், அதுவும் ஊரே பார்க்கிற மாதிரி வந்தால் அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும்?

மைதானத்தில் ஒரு பிள்ளை வாரத்துக்கு நாலு தடவை தோற்கும். கீழே விழும், முட்டி சிராயும், அழும், மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடி வந்து உட்காரும். நாளைக்கும் ஆட்டம் இருக்கு என்று அதுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தை வகுப்பறையில் என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. கணக்கு டீச்சராலும் முடியாது. விளையாடின பிள்ளைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. தோற்றுப் பழகின மனசுக்கு அடி விழும்போது கொஞ்சம் பிடிமானம் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு பொண்ணு, ஒன்பதாவது. அப்பா திடீரென்று இறந்துபோய் ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்துச்சு. யாரோடும் பேசாது. நான் எதுவும் கேட்கவில்லை. ஸ்டாப் வாட்சைக் கையில் கொடுத்து “நேரம் பார்த்துச் சொல்லு” என்று ஓரமாக உட்கார வைத்தேன். இரண்டு வாரம் நேரம் மட்டும் சொல்லுச்சு. மூணாவது வாரம் ஒருத்தி வரவில்லை, ஆள் குறைஞ்சுது, தானே எழுந்து வந்து உட்கார்ந்துச்சு. மாவட்டப் போட்டிக்கு எல்லாம் போகவில்லை, சுமாரான ஆட்டம்தான். இப்போ நர்ஸ் வேலை பார்க்குது. ஆட்டத்தால்தான் தேறுச்சு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். அதோட அம்மாவும் ஆயாவும் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. விளையாட்டு என்றாலே மனசுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிவிடவும் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பொண்ணு சாந்தி சௌந்தரராஜன், 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று ஒன்றைச் செய்து அந்தப் பதக்கத்தைப் பறித்தாங்க. அது டி.வி.யில் ஊர் முழுக்கப் பேச்சாச்சு. ஓடிக் கிடைத்த மரியாதையை ஓட்டத்தை நடத்துகிறவங்களே கெடுத்தாங்க. அதற்குப் பிறகும் அவர் மைதானத்தை விடவில்லை, பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளராக வந்து நின்றார். அந்த மன உறுதியை நான் கும்பிடுகிறேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு உறுதி தேவைப்படுகிற நிலைமை வரக் கூடாது.

அதனால் பிள்ளையை அனுப்புகிற இடத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்க. சொல்லிக்கொடுக்கிறவர் பிள்ளைகளை எல்லார் முன்னாடியும் கேவலமாகப் பேசுகிறாரா, தோற்றால் அடிக்கிறாரா, தனியாக வரச் சொல்கிறாரா என்று கவனியுங்க. பிள்ளை திடீரென்று “நான் போகமாட்டேன்” என்றால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னாடி ஏன் என்று கேளுங்க. தொல்லை ஏதாவது இருந்தால் 1098க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம்.

விளையாட்டு போதாத நேரமும் உண்டு. நல்லா ஆடிக்கிட்டிருந்த பிள்ளைக்கு ரெண்டு மூணு வாரமாக ஆட்டத்திலும் ஆசை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, “நான் இருந்து என்ன பண்றது” என்று பேசுது என்றால், அதை மைதானத்தில் சரி பண்ண முடியாது. 14416 என்ற நம்பரில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மந்திரிச்சு கயிறு கட்டணும் என்றால் கட்டிக்கோங்க, நான் தடுக்க மாட்டேன், ஆனால் கயிறு கட்டின கையோடு ஆஸ்பத்திரிக்கும் போங்க.

இப்போ நீங்க செய்யக்கூடியதைச் சொல்றேன். அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சா பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு பி.டி. பீரியட் டைம் டேபிளில் மட்டும்தான் இருக்கும். கணக்கு டீச்சர் “இன்னைக்கு ஒரு நாள் கொடுங்க மிஸ்” என்று கடன் கேட்பாங்க. அந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வராது. நம்ம குழுவாக இருந்தால் வாராக் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்! கணக்கு டீச்சரையும் குறை சொல்ல முடியாது, தேர்ச்சி விகிதம் என்று அவங்க கழுத்தில் கத்தி. ஆனால் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து முகம் கழுவி உட்கார்ந்த பிள்ளை படிக்கிறதையும், காலையிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை படிக்கிறதையும் உங்க வீட்டிலேயே ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பாருங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கணும் என்பது சட்டம். சுய உதவிக் குழுவுக்கும் அதில் இடம் உண்டு. அங்கே போய்க் கட்டிடம், சத்துணவு எல்லாம் பேசுகிறோம். “எங்க பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் நிஜமா நடந்துச்சு?” என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்க கேளுங்க. கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 2024இலிருந்து கொடுத்திருக்காங்க. சுற்றுப்பட்ட ஊராட்சிகளிலிருந்து வந்திருக்கிற அக்காக்கள், அந்தப் பந்தும் வலையும் எங்கே இருக்கு, சாவி யாரிடம் இருக்கு என்று கிராம சபையில் விசாரியுங்க.

மாதவிலக்கு நாளில் ஆடலாமா என்று கேட்பீங்க. வலி இல்லாவிட்டால் தாராளமாக ஆடலாம். வலி இருந்தால் உட்காரட்டும். அதைச் சொல்லக் கூச்சப்படாத மாதிரி வளர்த்தால் போதும். ஆடினால் மயக்கம் வருது என்றால் ஆட்டத்தை நிறுத்தாதீங்க, ரத்தம் சோதிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டில் வயசுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கு. பள்ளியில் வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை முழுங்குதா, ஜன்னல் வழியா எறியுதா என்று கேளுங்க. எறிகிற ஜன்னல் எது என்றுகூட எனக்குத் தெரியும்.

வெயிலில் கறுத்துவிடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கறுக்கத்தான் செய்யும். நானும் கறுப்புதான், எனக்கும் கல்யாணம் ஆச்சு.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு என்பதும் உண்மைதான். அதற்காகவே பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்தால், டியூஷன் மாதிரி அதுவும் இன்னொரு பாரமாகிவிடும். “இன்னைக்கு ஜெயிச்சியா?” என்று கேட்காமல் “இன்னைக்கு யாரோட ஆடின?” என்று கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்விக்குப் பிள்ளைங்க ரொம்ப நேரம் பதில் சொல்லும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட்காதீங்க.

நிகழ்ச்சி நிரலில் மத்தியானம் மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன் என்று போட்டிருக்காங்க. நான் இரண்டு டென்னிகாய்ட் ரிங் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். பள்ளிக்கூடத்தில் ரிங் ஆடினவங்க இந்தக் கூட்டத்தில் நிறைய பேர் இருக்கீங்க, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. சாப்பாடு முடிந்து மண்டபத்துக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில் வலை கட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்துடுங்க. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, ஸ்கோர் அவங்க எழுதட்டும்.